ஒரு பூஜ்ஜியம் கூடுதல்

பிழை எண் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
வடகரைத் துறையில் படகு
அறுபத்தாறு நொடியில் வரவேண்டும்,
பதினொரு நிமிடம் ஆகிறது.
அவசரம்: இல்லை.
பொறுப்பு: நான்.

அல்டோனாவில் நான்காம் மாடி.
கீழே மீன்ரொட்டிக் கடை.
மேலே எழுபது பேர் சேர்ந்து
ஓர் உலகத்தை ஓட்டுகிறோம்.
டிராகன்கள் ஹென்னிங் வசம்.
மழையும் பனியும் வீப்கே.
எனக்குக் கதவு, ஏணி, படகு,
ஆட்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிற சில்லறை எல்லாம்.

வருடம் இருமுறை கேட்போம், என்ன வேண்டும் என்று.
ஆட்டக்காரர்கள் யோசிப்பதே இல்லை.
இன்னும் பெரிய டிராகன்.
சிறகு வைத்த குதிரை, அதுவும் நீலத்தில்.
கடைசியில் வேறு ஏதாவது என்ற கட்டத்துக்குள்
அந்தப் படகைச் சரிசெய்து தொலையுங்கள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒருவர் ஆறு ஆச்சரியக்குறியோடு.

சரிசெய்தேன்.
எவனோ என்றைக்கோ
ஒரு பூஜ்ஜியம் கூடுதலாகத் தட்டியிருந்தான்,
அவ்வளவுதான்.
செவ்வாய்க்கிழமை வெளியிட்டோம்.
நன்றி நன்றி என்று கொட்டியது.

வியாழன்று வரைபடத்தைத் திறந்தேன்.
ஆட்கள் நிற்கும் இடம் சிவப்பாய்த் தெரிகிற படம்.
நான்கு வருடமாக வடகரைத் துறை
வெற்றிலை போட்ட வாயாக இருந்தது.
இப்போது கழுவித் துடைத்த மாதிரி வெளுப்பு.

பழைய உரையாடல்கள் சேமிப்பில் கிடந்தன.
படிக்க அனுமதி உண்டு, படித்ததில்லை.
ப்ரும்பேர் என்றொரு கரடி,
ப்ரேமனில் கூரை வேய்பவராம்,
முழங்கால் ஸ்கேனில் என்ன வந்தது என்று சொல்கிறார்.
மூன்று தேவதைகள் வாள்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கின்றன.
என் அத்தைக்கும் இதே முழங்கால்தான்
என்கிறது ஓர் எலும்புக்கூடு.
மந்திரவாதிக்கு மறுநாள் நேர்காணல்,
எந்தச் சட்டை போடுவது?
நான்கு வரிக்கு ஒருமுறை எவராவது:
நாசமாய்ப் போன படகு.
புதிதாய் வந்து நிற்பவர்
முதலில் சொல்வதும் அதுவே.
வணக்கம் சொல்வதற்குப் பதிலாக.

கூட்டம் போட்டோம்.
அப்படியானால் காத்திருப்பதை ஓர் அம்சமாக்கு என்றார் ஹென்னிங்.
பூஜ்ஜியத்தைத் திரும்ப வைத்தேன்.
கூடவே பெஞ்சு, லாந்தர், பிடில் வாசிக்கும் கிழவன்,
பத்து நிமிடம் நின்றால் ஒரு வெண்கலப் பதக்கம்.

வந்தார்கள்.
பத்து நிமிடம் நின்றார்கள், வேறு ஜன்னலில் படம் பார்த்துக்கொண்டு.
பதக்கம் விழுந்ததும் போய்விட்டார்கள்.
ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது, கரடி எழுதியது:
வேண்டுமென்றே நிறுத்திவைக்கிறீர்களா?

பார்ம்பெக்கில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எதற்கென்று தெரியாமல் ஒப்பித்திருக்கிறேன்,
முல்லைக்கு இருத்தல் என்று.
எங்கள் வடிவமைப்புக் கோப்பு நானூறு பக்கம்.
கொல்லுதல் இருக்கிறது.
சேர்த்தல், விற்றல், மட்டம் ஏறுதல் இருக்கின்றன.
இருத்தல் என்று ஒரு தலைப்பு சேர்த்துப் பார்த்தேன்.
ஓரத்தில் வீப்கே கேட்டிருந்தாள்:
இதை எதை வைத்து அளப்பது?

ஆறரை மணி. மீன்சந்தைத் துறை.
அறுபத்திரண்டாம் எண் படகு
மூன்று நிமிடம் என்று காட்டி,
ஏழு என்று மாற்றி,
பிறகு ஒன்றுமே காட்டவில்லை.
எல்பே நதியிலிருந்து முகத்தில் அடிக்கிற காற்று.
சைக்கிளோடு நின்ற ஆள் பலகையைப் பார்த்துத் திட்டினார்.
மூன்று வருடமாக இதே துறையில்
இதே ஆளுக்குப் பக்கத்தில் காதை அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எவனோ ஒரு பூஜ்ஜியம் கூடுதலாகத் தட்டிவிட்டான் என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.
ஆனாலும் சைக்கிளைச் சற்றே நகர்த்தி,
காற்றுப் படாத பக்கம் இடம் விட்டார்.