உள்ளங்கைச் சீனி

புதன்கிழமை மஸ்கெலியா கிளினிக்.
போனால் அரைப்பேர்தான் விழும்.
போனேன்.

கணுக்காலில் அட்டை கடித்த இடம்
மூன்று வாரமாய் மூடவில்லை.
விரலில் குத்திப் பார்த்துவிட்டு
"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி?"
என்றாள் மிஸ்ஸி.

இருட்டோடு எழும்பி ஒன்று,
மலை ஏறுமுன் ஒன்று,
பத்து மணிக்குப் போத்தலில் ஆறிப்போனது,
கொழுந்து நிறுத்த பிறகு,
அப்புறம் மழைக்கு.
மழைக்கு எத்தனை என்று
யார் கணக்கு வைத்தது?

கோப்பையில் சீனியே போடுறதில்ல, மிஸ்ஸி.
அது உண்மை.
உள்ளங்கையில் குவித்துக்கொண்டு
ஒரு நக்கு, ஒரு மிடறு.
சிரித்தாள். அதையும் எழுதினாள்.

ரொட்டியைக் குறைக்கச் சொன்னாள்,
குரக்கன் நல்லதாம்.
கடைக்காரர் கடன் கொடுப்பது
கோதுமை மாவுக்கு மட்டும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் புஸ்பகாந்தி கேட்டாள்,
"என்னவாம்?"
"சீனி வருத்தமாம்.
அட்டைக்குத் தெரிஞ்சிருக்கு புள்ள,
எனக்குத்தான் தெரியல."
அவள் சிரிக்கவில்லை.
தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

இன்று பத்து மணிக்கு
மூடியைத் திறந்து வெறுமனே குடித்தேன்.
இருபத்தெட்டு வருசமாய்க் கிள்ளும் இலை
இப்படியா கசக்கும்?

பழக்கத்தில்
கையை நக்கிவிட்டேன்.
உப்பு.