ரெட் ஆக்சைடு

பேட்டைப் பட்டறையில்
லாரி அடித்தகட்டை உளி முனையால் தட்டினால்
எது இரும்பு, எது துரு என்று
காதே சொல்லிவிடும் எனக்கு.
தூத்துக்குடி உப்பு ஏற்றும் வண்டி என்றால்
தட்டவே வேண்டாம்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
எக்கோ திரையில் என்னுடையதைக் காட்டினார்
டாக்டர் எப்சிபா.
ஈரச் சாக்கு மாதிரி அசைந்தது.
முப்பது சதவீதம், என்றார்.
உள்ளே எரிகிற காற்று பொறியாய்ச் சிதறி
தசையை அரிக்கிறதாம்.
"துருதானம்மா?"
"ஏறக்குறைய, மைதீன் பிச்சை."

அப்படியானால் சுரண்டி, பிரைமர் அடித்து...
டிவியில் விற்கிற அந்த வைட்டமின் டப்பா?
சிரிக்கவில்லை அவர்.
ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம்;
இதயம் கண்டுகொள்ளவில்லை.
கொஞ்சம் பொறி உடம்புக்கும் வேண்டும்,
செல்லுக்குச் செல் அதுவும் ஒரு பேச்சு,
மொத்தமாய் அணைக்கக் கூடாது, என்றார்.

எழுதிக் கொடுத்தது வேறு:
துடிப்பை அடக்க ஒன்று, நீர் பிரிய ஒன்று,
சர்க்கரையே இல்லாத எனக்கு
சர்க்கரை மாத்திரை ஒன்று.
அது நெஞ்சுக்கு ஏன் கேட்கிறதென்று
இன்னும் முழுசாய்த் தெரியாதாம்.
உப்பு கூடாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்.
குறுக்குத்துறையில் ஆறு
கரை தொட்டுப் போகிறது;
நான் டம்ளரை அளக்கிறேன்.

காலையில் எடை பார்த்து
சுவரில் கரியால் எழுதிவிட்டு
பட்டறை திறக்கிறேன். மெதுவாக.
பையன் பிரைமர் டின்னை நெம்புகிறான்.
முப்பது வருடம் பூசிய சாமான்;
இன்றுதான் பெயரை வாய்விட்டு வாசித்தேன்.
அட, இதுவும் துருதாம்லே.

ஒரு கோட்டா ரெண்டா, என்கிறான் அவன்.