மணங்குக் கல்

மாசி கடைசியில், கோவில்பட்டி ரயிலடிக்குப் பின்னால்
பருத்திப் பேட்டை முழுக்க இருமல்.
மூக்கில், இமையில், மைக்கூட்டில்,
கணக்கப்பிள்ளை என் வெற்றிலையில்கூடப் பஞ்சு.
முதலாளி வாங்குவார்.
தூத்துக்குடிக் கம்பெனி அழுத்திக் கட்டிக் கப்பலேற்றும்.
நான் எழுதுவேன்.
எழுதியது எடை, எடை சொன்னது கல்.
கல்லின் குழிவயிற்றில் இருந்ததை எழுத
பேரேட்டில் பத்தி கிடையாது.

நாலரை ராத்தல் ஈயம்.
கொல்லன் பட்டறையில் ராத்திரி ஊற்றியது.
விளக்குப் பிடித்தவன் நான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
சம்சாரிகள் மட்டும் சந்தனக் கட்டையா?
பின்பனியில் பருத்தியை விரித்துப் போட்டு
ஈரம் குடிக்க வைத்துத்தான் பொதி கட்டுவார்கள்.
அடியில் கரிசல் கட்டி ஒன்றிரண்டு கிடக்கும்.
அதற்கென்று தனியே கழிப்போம்.
கழித்த பிறகும் இந்தக் கல்லில்தான் நிறுப்போம்.

அந்த வருஷம்தான் இரும்புக் கலப்பை வந்தது.
சர்க்கார் பண்ணைத் துரை, பண்ணைக் காளை பூட்டி,
பொடிமண்ணில் ஓட்டிக் காட்டினான்.
முதலாளி இருபது இறக்கினார். விலை பதினாலு ரூபாய்:
ஆறு ரொக்கம், எட்டு பருத்தியில் கழிவு.
கீழக்கரட்டூர் பேராச்சி ஒன்று எடுத்தாள்.
புருஷன் கண்டித் தோட்டத்துக்குப் போனவன்,
கடுதாசி இல்லை.
கைநாட்டு வைக்கும்போது
மையில் அமுக்கிய பெருவிரலோடு
என்னை ஒருதரம் பார்த்தாள்.

ஐப்பசி மழைக்குக் கரிசல் களியானது.
கொழு ஒரு முழம் இறங்கி நின்றுகொண்டது.
மயிலைக் காளை முட்டி மடித்தது.
அவள் பழைய மரக்கலப்பைக்கே திரும்பினாளாம்.
இரும்பின் மேல் கோழி அடைந்தது.

மாசியில் அவள் வண்டி வந்தது.
ஆறு பொதி கருங்கண்ணி, நடுவே
சாக்கு சுற்றிய அது.
"திருப்பிக் குடுக்க வந்துட்டா பாரும்" என்று
முதலாளி என்னிடம் சிரித்தார்.
"இல்ல. முதல்ல இத நிறுங்க."
"கலப்பைய எவன் நிறுப்பான்?"
"நிறுத்தாத்தான் பருத்திய இறக்குவேன்."

வார்ப்பில் புடைத்து நின்றது சீமை இலக்கம்.
எச்சம் போக நார் போட்டுத் தேய்த்திருந்தாள்.
நாலு. எட்டு.
அவளுக்கு எழுத்துத் தெரியாது,
உபதேசியார் மகளைக் கேட்டு வந்திருக்கிறாள்.

தராசுச் சங்கிலி கிறீச்சிட்டது.
இந்தத் தட்டில் கலப்பை.
அந்தத் தட்டில் மணங்குக் கல்,
மேலே சில்லறைக் கல், ஒவ்வொன்றாக.
முள் நேரே நின்றபோது
பேட்டையில் ஒருவரும் இருமவில்லை.

"சொல்லுங்க, பிள்ளை."

நாற்பத்து மூன்றரை.
சொன்னது என் வாய்தான்.

"துரு தின்னிருக்கும்" என்றார் முதலாளி.
"ஆறே மாசத்துல நாலரை ராத்தலா?
எங்க வீட்டுத் துருவுக்கு அம்புட்டுப் பசி கெடையாது வே"
என்றது வில்லிசேரி வண்டியிலிருந்து ஒரு குரல்.
எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
கல்லை இடுப்புக்குத் தூக்கிக் கவிழ்த்தாள்.
கீல் உரிந்த இடத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு
ஈயம் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் புதுக் கல்.
பாக்கி எட்டு ரூபாயைப் பருத்தியில் கழித்துக்கொண்டு
ரசீது கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.
கலப்பையை முழு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று
முதலாளி ஆளனுப்பிப் பார்த்தார்.
அது அதற்குள் எட்டயபுரம் போயிருந்தது, பிறகு சாத்தூர்,
யார் யார் வண்டியிலோ, பேட்டைக்கு ஓரணா வாடகையில்.

என் வேலை போகவில்லை.
விளக்கணைத்ததும் கணக்குப் பிடிக்கும்:
பதினோரு வருஷம், வருஷத்துக்கு மூணு மாசம்,
ஒரு நாளைக்கு இத்தனை வண்டி,
மணங்குக்கு நாலரை.
பெருக்கிக்கொண்டே போவேன்.
லட்சத்தைத் தொடும்போது
எங்கேயோ ஒரு கோழி இறக்கை அடிக்கும்.
விட்ட இடம் தெரியாது.