ஒன்பதாம் லேனில் ஒரு படைக்குப் பெயர் தேடுதல்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஒன்பதாம் லேன்,
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
என் நாவலில் மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது.
வேற்றுக்கிரகப் படை பூமிக்கு மேல்
பதினோரு நாளாய் நிற்கிறது.
இறங்க முடியவில்லை,
நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

ரசீதுச் சுருளின் பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்.
க்ராட். ட்ரோக். ஸ்க்ரப்.
சோற்றில் கல் கடிபட்டாற்போல் இருக்க வேண்டுமென்று
வல்லினமாய்ப் பொறுக்கிக் கோத்தவை.
எட்டாம் லேன் திம்மராயன் வாங்கி வாசித்தான்:
"க்ராட்டு, ட்ரோக்கு, ஸ்க்ரப்பு."

அவ்வளவுதான்.
மூன்று சூரியன்களை அணைத்த இனம்
டீக்கடைப் பாட்டிலில் போட்டுவைத்த
தின்பண்டமாகிவிட்டது.

இந்த மொழியில் எந்த வல்லினமும்
சொல்லின் கடைசியில் தனியாய் நிற்க முடியாது.
ஓர் உகரம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.
அரை மாத்திரைதான்,
கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுப்பதுபோல.
சார்ஜண்டு, ரெஜிமெண்டு, டேங்கு, ராக்கெட்டு
எல்லாம் இந்த வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவைதான்.

எஃகர் என்று வைத்தேன்.
நடுவில் மூன்று புள்ளி, மூன்று குண்டு துளைத்த தடம்.
நாலு லாரி கடக்கும்வரை பெருமையாய் இருந்தது.
ஐந்தாவதின் முதுகில்
பாத்திரக்கடை விளம்பரம்.

பிறகு, பர்கூர்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்,
பர். கூர்.
கவசம் போட்ட ஏதோ ஒன்று
இருட்டில் படியேறி வருகிறது.
திம்மராயன் சிரிப்பை அடக்கவே இல்லை.
"எங்க மச்சான் அங்கதான்
மொத்தமா நைட்டி எடுக்கறான்."
சூளகிரியும் அப்படியே போயிற்று.

கிரானைட் ஏற்றிய டிரெய்லர் ஒன்று
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.
கல்லின் நெற்றியில் சிவப்புப் பெயின்டில் 114.
எண்ணே போதுமோ என்று யோசித்தேன்,
படைகளுக்கு எண் பிடிக்கும்.
ஆனால் நூற்றுப் பதினான்கு வருகிறதென்றால்
யாரும் கதவைத் தாழ்போட மாட்டார்கள்.
பஸ் என்று நினைத்து ஓடிவருவார்கள்.

மூன்றே காலுக்கு ராணுவ வண்டிகள்.
பதினேழு. கட்டணம் இல்லை.
தடுப்பைத் தூக்கிவிட்டு வெளியே வந்து நின்றோம்.
தார்ப்பாய் விலகிய ஒன்றில்
எதிரெதிரே இரண்டு வரிசை முழங்கால்கள்,
வாய் திறந்து தூங்கும் முகங்கள்,
மார்பில் தைத்த பெயர்ப்பட்டைகள் மேல்
வழிந்துகொண்டிருக்கும் எச்சில்.
ஒரு பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை.

விழித்திருந்தவன் இந்தியில் ஏதோ கேட்டான்,
திம்மராயன் தெலுங்கில் பதில் சொன்னான்.
கட்டைவிரல் வாய்க்குப் போனதும் புரிந்தது, தண்ணீர்.
பாட்டிலை வாங்கிக்கொண்டு
தூங்குகிறவர்களைக் காட்டி ஒரு சொல் சொன்னான்.
நாங்கள் என்றிருப்பான்.
அவன் விரல் போட்ட வட்டத்துக்குள்
நான் இல்லை.

கடைசி வண்டியின் சிவப்பு விளக்கு
ஓசூர்ப் பக்கம் மறைந்தபின் எழுதினேன்:
அவர்கள் பேச்சில் 'நாம்' என்ற சொல் கிடையாது.
'நாங்கள்' மட்டும்தான்.
அதுவே அவர்கள் பெயர்.

ரேடியோவில் பூமி கேட்கும், யார் நீங்கள்?
நாங்கள், என்று பதில் வரும்.
மறுபடி கேட்கும்.
மறுபடியும் அதே.
ஒரே ஒரு வல்லினம்,
அதுவும் ஙகரத்தின் பின்னால்
பதுங்கி உட்கார்ந்திருக்கிறது.

திம்மராயன் இந்த முறை சிரிக்கவில்லை.
காதைச் சொறிந்தான்.
"சரி, அவங்க சுட்டா எப்படி எழுதுவ?
நாங்கள் சுட்டார்கள்னா?"

நான்காம் அத்தியாயம், முதல் வரி.
நாங்கள் இறங்கி
என்பதுவரை எழுதிவிட்டேன்.
'ஆர்கள்' என்று முடிக்க வேண்டும்,
பேனா 'ஓம்' பக்கமே சாய்கிறது.
அடித்தேன், எழுதினேன், அடித்தேன்.

எங்கோ மாங்காய் லாரி ஒன்று
ஹாரனை அமுக்கிப் பிடித்திருக்கிறது.
நிமிர்ந்து பார்த்தேன்.
தூக்கிய தடுப்பை
இன்னும் இறக்கவில்லை நான்.