அடியில்லாத கூடு

முதலில் சிரித்தோம்.
கிராம்பு காயவைத்த பாய்களைச் சுருட்டிவிட்டு
மணலில் ஊரை வரைந்தோம்.
வீட்டுக்கு ஓர் இலை,
ஆற்றுக்கு நிரினாவின் நீலத் துணி.
இன்று காலை ஒதுங்கிய இடத்தில்
ஆளுக்கொரு பிடி மரவள்ளி மாவு போடச் சொன்னாள்
அக்கரையிலிருந்து வந்தவள்.
போட்டோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

ஜஃபிமாருவின் கோழி வந்தது.
கரையோர மாவைக் கொத்தித் தின்றது.
அலகைத் துடைக்காமல் நேரே போய்
அவன் வீட்டு இலைமேல் ஏறி நின்றது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை.
வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சண்டைதான் வந்தது.
மண்ணுக்குள் முன்னோர் படுத்திருக்கிறார்கள்,
அவர்கள் தலைமேலா?
அது ஃபாடி, ஆகாது என்று எழுந்தான் ஜஃபிமாரு.
குழி வெட்டுகிறவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றான்.
மூன்று மாதம் நனைக்கவும் இல்லை.

புயல் போய் ஆறு வடிந்த வாரம்
மண்வெட்டியோடு வந்து நின்றாள் ரமேனா.
"மண்ணுக்குள் இருப்பவர்களில் இருவர் நான் பெற்றவர்கள்.
அவர்கள் துணியை எந்த ஆற்றில் அலசினேனோ
அதிலேயே அவர்களுக்குக் குடிக்க மொண்டேன்.
கேட்டுவிட்டேன் அவர்களிடம்.
வேண்டாம் என்று சொல்லவில்லை."

வெட்டினோம்.
இடுப்பளவு போனதும் மணல் சரிந்தது.
மறுபடி வெட்டினோம், மறுபடி சரிந்தது.
உள்ளே நின்ற தோவோவைக்
கக்கத்தில் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்
விலாங்குக்குக் கூடு பின்னுகிற ஜஃபிமாரு.
மோசமான வேலையைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது,
ஃபாடியைவிட ஆகாது.
இரண்டு நாள் மூங்கில் பிளந்தான்.
ஆள் உயரத்தில் ஒரு கூடு, அடியில்லாதது.
குழிக்குள் இறக்கினோம்.
மணல் அதில் சாய்ந்து, யோசித்து,
நின்றுவிட்டது.

"பின்னித்தான் கொடுத்தேன்.
நான் போக மாட்டேன்" என்றான்.
சரி என்றோம்.
அதற்குப் பின் பதினோரு கூடுகள் பின்னினான்,
கூலியாக அரிசி வாங்கினான்,
எங்கள் வீட்டில் பொங்கியதை மட்டும் தொடவில்லை.

இன்னும் ஏழு வீடுகள் ஆற்றங்கரைக்குத்தான் போகின்றன.
மழை பிடித்தால் எங்களிலும் சிலர் போகிறோம்,
பொய் சொல்வானேன்.

ஆனால் விடியுமுன்
ஜஃபிமாருவின் வாசலிலிருந்து ரமேனாவின் கொல்லைவரை
பனிப்புல்லில் ஒற்றையடித் தடம்
கொஞ்ச நாளாய்த் தெரிகிறது.
சாம்பல் சட்டியின் மூடி இடம் மாறியிருக்கிறது.
நாங்கள் பார்க்கவில்லை.
ஊர் மொத்தமும் சேர்ந்து
பார்க்காமல் இருக்கிறோம்.

அவன் கோழி மட்டும் இன்னும்
தினமும் கரைக்குப் போய்
வெறும் மணலைக் கிளறிவிட்டு வருகிறது.