எல்லோருக்கும் முழு உரிமை

பல்லடம். இரவு பதினொன்றே முக்கால்.
தீவன லாரிகள் கிளம்பிவிட்டன.
சர்வர் அறையில் ஏசியும் நானும்.

முந்நூற்றுப் பதினான்கு ஃபோல்டர்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயர்.
எட்டு வருடம் முன்பு யாரோ அவசரத்தில்
'எல்லோருக்கும் முழு உரிமை' என்று
உச்சியில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்.
பி.ஏ.பி. தண்ணீர்கூடக் கடைமடைக்கு வராது,
அந்த டிக் வந்திருந்தது.

அப்படித்தான்
அக்கவுண்ட்ஸ் மல்லிகேஸ்வரி
ஈரோட்டுக் கம்பெனிக்கு எழுதிவைத்த விண்ணப்பத்தை
ஜி.எம். மீட்டிங்கில் வாசித்தார்,
எழுத்துப்பிழைகளைக்கூட விடாமல்.
"இங்க என்னங்க குறைச்சலு உங்களுக்கு?"
அவள் பேப்பர் கப்பின் விளிம்பைச்
சுற்றிச் சுற்றிக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

கையால் செய்தால் இரண்டு நாள்.
ஒன்பது வரி எழுதினேன்.
ஃபோல்டரின் பெயரை எடு.
அந்தப் பெயரில் ஆள் உண்டா, பார்.
அந்த ஆளுக்குக் கொடு.
மேலிருந்து இறங்குவதை அறு.
அடுத்தது.

சோதனைக்கு முதலில் என்னுடையது.
கொடுக்கும் முன்னே அறுத்துவிட்டேன் போல.
என் ஃபோல்டர் என்னையே
யாரென்று கேட்டது.
வரிகளை இடம் மாற்றி
ஓடவிட்டேன்.

இருநூற்று ஆறில் நின்றது.
உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
நீளமாய் ஒரு எண்.
நாச்சிமுத்து, பண்ணை சூப்பர்வைசர்.
தாராபுரம் ரோட்டில், ஐப்பசி மழையில்.
மறுவாரமே அவர் கணக்கை அழித்தது
நான்தான்.
அவர் ஃபோல்டரை என் பெயருக்கு எழுதிக்கொண்டேன்.
உள்ளே கோழிக்குஞ்சுகளின் ஏழாம் நாள் எடைகள்,
கிராம் சுத்தமாய்.
யாருக்குக் கொடுப்பது என்பதற்கு
வரி எழுதவில்லை.

ஒன்பதாவது வரியைச் சொல்லவில்லையே:
அட்மினுக்கு முழு உரிமை.
பேக்கப் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

காலையில் ஜி.எம். போன்.
"ஏனுங் தம்பி, எனக்கு ஒண்ணுமே
தெறக்க மாட்டேங்குதுங்களே?"
"ஆமாங்க சார்" என்றேன்.
அதற்குமேல் அவரும் கேட்கவில்லை,
எதைத் திறக்கப் போனார் என்று
நானும் கேட்கவில்லை.

மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிய ஈரக்கையோடு
மல்லிகேஸ்வரி வந்தாள்.
"இனி என்னுதை யாருங்க பாக்க முடியும்?"
"நீங்க மட்டுந்தானுங்க."
போகத் திரும்பினாள்.
"அப்புறம் நானு" என்றேன்.
நின்று,
கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு
போனாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு
அந்த ஃபோல்டர் காலி.
பார்த்தேன.