அண்டை நிலம்

சாலையின் குறுக்கே அளவுச்சக்கரம் உருட்டினேன்.
பத்தொன்பது மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.
நம்பாமல் இன்னொரு முறை.
செம்பனைக்குலை ஏற்றிய லோரியை ஓரங்கட்டி
இருதயசாமி எட்டிப் பார்த்தார்.
"ரோடு போடப் போறாங்களா, எடுக்கப் போறாங்களா?"
படிக்கிறேன் என்றேன்.
"ரோட்டையா?"

சட்டம் 172, பிரிவு இருபத்தொன்று, உட்பிரிவு ஆறு.
எதிர்ப்புறம் கட்டடம் எழும்பப் போகிறதென்றால்
அண்டை நிலத்துக்கு முன்கூட்டியே கடிதம் வரவேண்டும்.
இருபது மீட்டருக்கு மேற்படாத சாலை என்றால்
இக்கரையும் அண்டைதான்.
அறுபது சென்டிமீட்டரில் தப்பித்து
நாங்கள் அண்டையானோம்.

அந்தச் சந்தோஷம் சுங்கை ரம்பை பஸ் நிலையம் வரைக்கும்.
தே ஓ ஆறுவதற்குள்
அடுத்த சொல் கண்ணில் பட்டுவிட்டது:
உரிமையாளர்.

லயத்தின் நாற்பத்திரண்டு கதவுகளில்
ஒன்றுக்கும் பட்டா கிடையாது.
இந்தப் பக்கம் கம்பெனி. அந்தப் பக்கமும் கம்பெனி.
கம்பெனி கம்பெனிக்கு எழுதும்:
ஆயிரத்து இருநூறு வீடு கட்டப் போகிறேன்,
ஆட்சேபணை உண்டா?
கம்பெனி கம்பெனிக்குப் பதில் போடும்:
இல்லை.
தபால்தலைகூட மிச்சம்.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தொழிற்சாலை ஊதா.
குடியிருப்புக்கும் ஒரு நிறம் இருக்கிறது,
எங்கள் பக்கம் வரும் முன்பே தீர்ந்துபோகிறது.
லயம் இளம்பச்சை. விவசாயம்.
தவமலர் அக்காவின் தவணை முடியாத வாஷிங் மெஷின்
விவசாயம்.
ஆறு வீட்டுக்கு ஒரே கடவுச்சொல்லில் ஓடும் வைஃபை
விவசாயம்.
செவ்வாய்க்கிழமை பிறந்த குழந்தை, தொட்டில் கம்பி,
அதுவும்.
ஸ்டூடியோவில் அஸ்லினா கேட்டாள், உன் வீடு எங்கே?
பென்சில் முனையை வைத்தேன்.
"மரத்து மேலயா?" என்றாள்,
கிண்டலாக இல்லை, உண்மையாகவே குழம்பி.

மாவட்ட மன்றத்தில் உள்ளூர்த் திட்ட வரைவு
காட்சிக்கு வைத்து இன்றோடு பதினேழு நாள்.
மூன்று பலகை, ஒரு மின்விசிறி,
மழைக்கு ஒதுங்கிய ஒரு பையன்.
பரீட்சை வெள்ளிக்கிழமை; அண்டை நிலத்தை விளக்குக,
பத்து மதிப்பெண் வரக்கூடும்.
நான் வேறொரு பிரிவைப் படித்துக்கொண்டிருந்தேன், நின்றபடியே.
வரைவுக்கு ஆட்சேபணை சொல்லும் பிரிவு.
அந்தச் சொல் இதில் இல்லை.
மேலிருந்து தேடினேன், கீழிருந்து தேடினேன்,
இல்லவே இல்லை.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் கவுண்டர்க்காரர்,
கயிறு கட்டிய பேனாவை
கயிறு எட்டும் மட்டும் நீட்டி.

'நிலத்துடன் தங்களின் தொடர்பு' என்று ஒரு கட்டம்,
இரண்டு அங்குலம்.
அதில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.
பத்தொன்பது புள்ளி நான்கு என்று
இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.

இன்னும் படிவம் வேண்டுமா என்றார்.
நாற்பத்தொன்று என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மெஷின் சூடாகட்டும், உட்கார், என்றார்.